ஆறு கோடும் ஒரு புள்ளியும்

எங்க வீட்டுக்காரருக்கு இந்தத் தெருவுல வச்ச பேரு டவுட்டு. பின்னாடி பேசும்போது மட்டும் இல்ல, நேர்லயே "டவுட்டு அண்ணே, இந்த வண்டியைக் கொஞ்சம் பாருங்க"ன்னுதான் கூப்பிடுவாங்க. இவரும் திரும்பிப் பாப்பார். கோபப்பட்டா அதுல ஏதோ உண்மை இருக்குன்னு நினைச்சுடுவாங்களாம், அதனால கோபப்படுறதில்லையாம். இப்படி யோசிக்கிற ஒரு மனுஷனோட முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்கு யாராவது சிலை வச்சாலும் தப்பில்ல.

பால் பாக்கெட்ல தேதி பாக்குறது எல்லாரும் பண்றதுதான். இவர் பாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, தேதி மேல தேதி அடிச்சிருக்கான்னு பாப்பார். ஒரு தடவை பல் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கணும்னு சொன்னார். இவர் நேரா இன்னொரு டாக்டர்கிட்ட போய், எந்தப் பல்லுன்னு சொல்லாம, "எது கெட்டிருக்கு, நீங்களே சொல்லுங்க"ன்னு வாயைத் திறந்துட்டு உக்காந்தார். அந்த டாக்டரும் அதே பல்லைத்தான் காட்டினார். வெளிய வந்ததும் என்கிட்ட மெதுவா, "ரெண்டு பேரும் ஒரே காலேஜா இருக்குமோ?"ன்னார். நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

தொழில் அப்படி, என்ன பண்றது. கார் மீட்டர் ரிப்பேர். ரெண்டு வண்டி நிக்கிற அளவுக்கு கடை. பின்னாடி ஒரு மேஜை, அதுல பூதக்கண்ணாடி வச்ச விளக்கு, சால்டரிங் இரும்பு, டப்பா டப்பாவா ஸ்க்ரூ. முன்னாடி என் மேஜை. போன் எடுக்குறது, வர்ற வண்டியை நோட்டுல எழுதுறது, பில்லுல ரப்பர் ஸ்டாம்ப் குத்துறது எல்லாம் நான். எந்த வண்டி உள்ள வந்தாலும் முதல்ல அதோட கிலோமீட்டரை நோட்டுல எழுதணும். "நீங்க என் வண்டியை எடுத்துட்டு ஊரைச் சுத்தினீங்க"ன்னு யாராவது நாளைக்குச் சொல்லிட்டா?

வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து, தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "விக்கப் போறேன், கொஞ்சம் குறைச்சுக் கொடுக்க முடியுமா?"ன்னு கேப்பாங்க. டை கட்டினவங்களும் கேப்பாங்க, காலேஜ்ல பாடம் நடத்துறவங்களும் கேப்பாங்க. இவர் ஸ்க்ரூட்ரைவரை நீட்டி வாசலைக் காட்டுவார். எந்த வண்டியிலயும் எந்தக் காரணத்துக்கும் கிலோமீட்டர் நம்பரைத் தொடமாட்டேன்னு ஒரு வைராக்கியம். இருபத்தாறு வருஷமா காப்பாத்திட்டு வர்றார். அந்த விஷயத்துல எனக்கு இவர் மேல பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாள் பூரா அப்படிப்பட்ட ஆளுங்களையே பாத்துப் பாத்து, உலகத்துல இருக்கிற எல்லாருமே எதையோ குறைச்சுக் காட்டுறாங்கன்னு மனசுல பதிஞ்சு போச்சு.

இப்படிப்பட்டவர் பொண்ணு போய் யாரைப் பிடிச்சா தெரியுமா? பழைய கார் வாங்கி விக்கிற பையனை. அவளே பாத்து, அவளே பேசி முடிவு பண்ணிட்டு வந்து சொன்னா. "பையன் என்ன தொழில் பண்றார்?"னு கேட்டவர், பதிலைக் கேட்டதும் ஒரு வாரம் சரியா சாப்பிடல. கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆச்சு. மாப்பிள்ளை எப்ப வீட்டுக்கு வந்தாலும், அவர் உள்ள உக்காந்து என்கிட்ட பேசிட்டிருக்கும்போது இவர் நைசா வெளிய போய், அவர் வந்த வண்டியோட மீட்டரை எட்டிப் பாத்துட்டு வருவார். ஒரு தடவைகூட ஒண்ணும் அகப்படல. அதுவே இவருக்கு இன்னும் சந்தேகம்.

ஒரு வியாழக்கிழமை காலையில அந்தக் கறுப்பு வண்டி வந்துச்சு. பெரிய இடத்து வண்டி, உள்ள முழுக்க தோல் சீட்டு, கதவைச் சாத்தினா சத்தமே வராது. ஓட்டிட்டு வந்தவங்க ஒரு வக்கீலம்மா. நாலு மாசம் முன்னாடி பழைய வண்டியா வாங்கினாங்களாம். போன வாரம் பேட்டரி மாத்தினதுல இருந்து, கிலோமீட்டர் காட்டுற இடத்துல நம்பருக்குப் பதிலா ஆறு கோடு வருது, பக்கத்துல ஒரு புள்ளி மினுக்குது. அப்பப்ப நம்பர் வரும், மறுபடியும் போயிடும்.

"இதுல யாரோ விளையாடியிருக்காங்கன்னு எனக்குத் தோணுது. நல்லா பாத்து எழுத்துல கொடுங்க. திருத்தினது நிஜம்னா வித்தவரை நான் சும்மா விட மாட்டேன். போலீஸ்ல புகார் கொடுத்து, கோர்ட்டுக்கு இழுத்து, கடையை மூட வச்சுட்டுத்தான் மறுவேலை"ன்னாங்க.

"யார்கிட்ட வாங்கினீங்க?"ன்னு இவர் கேட்டார்.

வக்கீலம்மா ரசீதை எடுத்து என் மேஜை மேல வச்சாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க மாப்பிள்ளை கடைப் பேரு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள இவர் என்னை ஒரு முறை முறைச்சார். அந்தம்மா கோர்ட்டுக்குப் போயிட்டு மூணு மணிக்கு வர்றேன்னு கிளம்பினதும், "ஏங்க, நம்ம மாப்பிள்ளைன்னு சொல்லியிருக்க வேண்டாமா?"ன்னு கேட்டேன்.

"சொன்னா என்ன ஆகும்? நான் எது எழுதினாலும் உறவுக்காக எழுதினேன்பாங்க. நீ சும்மா இரு" அப்படின்னார்.

வேலையில இவரைக் குறை சொல்லவே முடியாது. முதல்ல பேட்டரியில கரண்ட் சரியா வருதான்னு பாத்தார். வந்துச்சு. எர்த் ஒயரைக் கழட்டி, உரசி, மறுபடியும் மாட்டினார். கோடு போகல. மீட்டரையே வெளிய எடுத்து, பின்னாடி சொருகுற இடத்தை ஆட்டிப் பாத்தார். போர்டை விளக்குக்கு அடியில வச்சு ஒவ்வொரு சால்டரா பாத்தார். எல்லாம் புதுசு மாதிரி இருந்துச்சு. மீட்டர்ல கோளாறே இல்ல.

அப்புறம்தான் கம்ப்யூட்டரை மாட்டினார். இந்த மாதிரி வண்டியில கிலோமீட்டர் மீட்டருக்குள்ள மட்டும் இருக்காது. சாவிக்குள்ள ஒரு தடவை பதிஞ்சிருக்கும், கியர் பெட்டிக்குள்ள ஒரு தடவை, முன்னாடி சீட்டுல உக்கார்றவங்க கால்கிட்ட, லைட்டையெல்லாம் எரிய வைக்கிற லைட் பெட்டியில ஒரு தடவை. எல்லாம் ஒத்துப் போகணும். ஒத்துப் போகலைன்னா மீட்டர் குழம்பிப் போய் கோடு காட்டும்.

மீட்டர்ல அறுபத்திரெண்டாயிரம். சாவியில அறுபத்திரெண்டாயிரம். கியர் பெட்டியிலயும் அதேதான். லைட் பெட்டியில ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம்.

"மாட்டிக்கிட்டான்"ன்னார் இவர்.

"அதெப்படி? மூணு இடத்துல ஒரே மாதிரி இருக்கே, ஒண்ணுதானே மாறியிருக்கு?"ன்னு கேட்டேன்.

"அதான் விஷயமே. மூணு பேர் ஒரே மாதிரி பேசினா அது ஏற்பாடு. மூணையும் மாத்தினவன், மூலையில இருக்கிற லைட் பெட்டியை மறந்துட்டான்."

இந்த மனுஷன்கிட்ட என்னத்தைப் பேசுறது! மூணு வருஷமா தேடினது கிடைச்சுடுச்சுன்னு இவர் முகத்துல ஒரு வெளிச்சம். அதைப் பாத்துதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சொந்தப் பொண்ணோட புருஷன் திருடன்னு தெரிஞ்சா ஒரு அப்பனுக்கு வயிறு எரியணுமா, சந்தோஷம் வரணுமா?

உடனே போனை எடுத்தார். எப்பவும் "வாங்க மாப்பிள்ளை, சொல்லுங்க மாப்பிள்ளை"ன்னு மரியாதையா பேசுறவர், அன்னைக்கு எடுத்ததும் "நீ"ன்னு ஆரம்பிச்சார். "உன்னை நம்பி என் பொண்ணைக் கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். எத்தனை வண்டியில இப்படிப் பண்ணியிருக்க? அந்தம்மா உன்னை உள்ள தள்ளினா நான் வந்து நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்." நான் சட்டையைப் பிடிச்சு இழுக்குறேன், இவர் நிறுத்தினாத்தானே. எல்லாம் கொட்டி முடிச்ச அப்புறம் அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"எந்தப் பெட்டியில மாமா வேற நம்பர் வருது?"

"லைட் பெட்டியில."

"சரி, நான் வரேன்"ன்னு வச்சுட்டார்.

"பாத்தியா? எந்தப் பெட்டின்னு கேக்குறான். எதை விட்டுட்டோம்னு ஞாபகப்படுத்திப் பாக்குறான்"ன்னு இவர் சொல்லிட்டிருக்கும்போதே என் போன் அடிச்சுது. பொண்ணு. "அம்மா, அப்பா என்ன சொன்னாரு? இவர் முகமே செத்துப் போச்சு. சாவியை எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு." வந்தா பேசிக்கலாம்னு வச்சுட்டேன். இவர் எழுதப் போற காகிதம் வக்கீலம்மா கைக்குப் போயிட்டா மாப்பிள்ளை கடை போச்சு. அவர்கிட்ட அப்புறம் எவன் வண்டி வாங்குவான்? எழுதிக் கொடுத்தது சொந்த அப்பான்னு தெரிஞ்ச அப்புறம் என் பொண்ணு இந்த வாசப்படி மிதிப்பாளா?

இவர் பாட்டுக்கு கடைத் தாள்ல எழுதி முடிச்சார். "லைட் பெட்டிப் பதிவின்படி மேற்படி வாகனத்தின் மீட்டர் திருத்தப்பட்டுள்ளது." கையெழுத்துப் போட்டுட்டு ஸ்டாம்ப் கேட்டார். டிராயரைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிட்டேன்.

"மாப்பிள்ளை வரட்டும். ஒரு வார்த்தை அவர் வாயால கேட்டுட்டு அப்புறம் குத்துறேன்."

"ஸ்டாம்ப் இல்லாட்டி என்ன, கையெழுத்து இருக்கே"ன்னு போன்ல ஒரு படம் எடுத்து வக்கீலம்மாவுக்கு அனுப்பியே விட்டுட்டார். பாவி மனுஷன்! ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு. அந்தப் பெட்டியையும் கழட்டி ஒரு போட்டோ அனுப்புங்க, ஆதாரத்துக்கு வேணும்னு.

டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, முன் சீட்டுல கால் வைக்கிற இடத்துல தலையை விட்டு, ரெண்டு காலும் வண்டிக்கு வெளிய நீட்டிக்கிட்டுப் படுத்தார். ஓரத்துல இருந்த மூடியைக் கழட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கால் ஆடல.

"என்னங்க? ஏங்க?"

நான் எழுந்து போய்க் குனிஞ்சு பாத்தேன். லைட் பெட்டியோட நாலு ஸ்க்ரூ மேலயும் ஒவ்வொரு சொட்டு நெயில் பாலிஷ். என்னோட நெயில் பாலிஷ்.

இதைக் கொஞ்சம் விளக்கணும். இவர் எந்தப் பாகத்தை மாட்டினாலும் ஸ்க்ரூ தலையில ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வச்சு சீல் பண்ணுவார். வேற எவனாவது திறந்து நல்ல பாகத்தை எடுத்துட்டு, பழியை இவர் மேல போட்டுட்டா? சீல் உடைஞ்சிருந்தா தெரிஞ்சுடும். சாதாரண கலர்னா யார் வேணாலும் வாங்கி வச்சுடலாம்னு, என் அரக்குக் கலரையும் முத்து வெள்ளையையும் ஒரு மூடியில கலக்கி வைப்பார். அந்தக் கலர் எந்தக் கடையிலயும் கிடைக்காது. என் பாட்டில் காலியாகிறதுக்காக எத்தனை சண்டை போட்டிருக்கேன்! பொண்ணு இதைச் சொல்லிச் சொல்லி மாப்பிள்ளைகிட்ட சிரிப்பா.

இவர் வெளிய வந்து தரையில உக்காந்தார். வேர்த்துக் கொட்டுது. அப்பவும் என்ன சொன்னார்ங்கிறீங்க? "யாரோ என் கலரை அப்படியே கலக்கியிருக்கான்."

எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! அலமாரியில இருந்து பழைய நோட்டையெல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினேன். நாலு வருஷம் முன்னாடி நோட்டுல, நடுப் பக்கத்துல இருந்துச்சு. அதே வண்டி நம்பர். ஏதோ கம்பெனி டிரைவர் கொண்டு வந்திருக்கார். முன் லைட் எரியல, வேற வண்டியோட பழைய பெட்டி போட்டது. கிலோமீட்டர் முப்பத்தோராயிரம். நோட்டை இவர் மடியில தொப்புன்னு போட்டேன். "இது என் கையெழுத்து. இப்ப என்னையும் சந்தேகப்படுங்க, பாக்கலாம்."

படிச்சார். ரெண்டு தடவை படிச்சார். அப்பதான் இவருக்கு ஞாபகம் வந்துச்சு, அடிபட்டு நொறுங்கின ஒரு வண்டியில இருந்து எடுத்த பெட்டி அது. அந்த வண்டி ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம் ஓடியிருக்கு. இந்த வண்டிக்கு மாட்டும்போது பெட்டிக்குள்ள இருந்த கிலோமீட்டரை இந்த வண்டியோட கிலோமீட்டருக்கு மாத்தி எழுதியிருக்கணும். வேற எந்த மெக்கானிக்கா இருந்தாலும் எழுதியிருப்பான். இவர்தான் எந்தக் காரணத்துக்கும் நம்பரைத் தொடாதவர் ஆச்சே! லைட் எரிய வேண்டியதை மட்டும் சரி பண்ணிட்டு விட்டுட்டார். அன்னைக்கு பேட்டரியைக் கழட்டாம ஃப்யூஸை மட்டும் எடுத்துட்டு மாட்டினதால மீட்டர் கவனிக்கல. இப்ப பேட்டரி மாத்தினதும் எல்லாப் பெட்டியையும் முதல்ல இருந்து விசாரிச்சுது, குட்டு வெளிப்பட்டுடுச்சு.

"நான்தான்"ன்னார்.

மாப்பிள்ளையும் வக்கீலம்மாவும் ஏறக்குறைய ஒரே நேரத்துல வந்து சேந்தாங்க. மாப்பிள்ளை உள்ள வந்ததும் வழக்கம் போல, "மாமா"ன்னார்.

வக்கீலம்மா நின்னுட்டாங்க. "மாமாவா?"

இவர் எல்லாத்தையும் சொன்னார். மறைச்சதையும் சொன்னார். நோட்டைக் காட்டினார், ஸ்க்ரூவைக் காட்டினார். அந்தம்மா ரெண்டையும் பாத்துட்டு நிமிர்ந்தாங்க.

"காலையில உறவுன்னு சொல்லல. இப்ப உறவுக்காரர் வந்து நிக்கும்போது, தப்பு என்னோடதுன்னு சொல்றீங்க. நோட்டு உங்க மனைவி எழுதினது, பாலிஷ் உங்க வீட்டுது. என் இடத்துல நீங்க இருந்தா நம்புவீங்களா?"

வாழ்க்கையில முதல் தடவையா இவரை நம்பாத ஒருத்தர் முன்னாடி நிக்கிறார். அந்தம்மா கேட்டது நியாயம்னு இவருக்கே தெரியுது.

என் மேஜைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ரெண்டாவது தாள்ல எழுதினார். வேற வண்டியோட பெட்டியைப் போட்டது நான், உரிமையாளருக்குச் சொல்லாதது நான், வித்தவர் மேல எந்தத் தப்பும் இல்ல, இதனால வர்ற நஷ்டத்துக்கு நானே பொறுப்பு. கடையே போயிடலாம் அந்த ஒரு தாளால, இவருக்குத் தெரியும். ஸ்டாம்ப் குத்துன்னு என்னைப் பாத்தார். குத்தினேன்.

"கம்பெனி சர்வீஸ்ல கொடுத்துப் பாருங்க. பெட்டிக்குள்ள அந்த அடிபட்ட வண்டியோட சேஸிஸ் நம்பரும் இருக்கும். அவங்க எனக்கு மாமாவும் இல்ல மச்சானும் இல்ல"ன்னார் இவர்.

தாளையும் வண்டிச் சாவியையும் வாங்கிக்கிட்டு அந்தம்மா மாப்பிள்ளை பக்கம் திரும்பினாங்க. "நீங்க வாங்கும்போது இதையெல்லாம் பாக்கவே இல்லையா?"

"எந்த வண்டியா இருந்தாலும் எல்லாப் பெட்டியையும் மூடியைத் திறந்து பாத்து, கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாத்துட்டுத்தான் மேடம் வாங்குவேன். இதுல மூணு பாத்தேன். நாலாவதுக்கு மூடியைத் திறந்து குனிஞ்சப்போ ஸ்க்ரூல மாமாவோட கலர் தெரிஞ்சுது. அவர் கை வச்ச இடம்னா நான் மேல பாக்குறதில்ல."

"அதை போன்லயே சொல்லியிருக்கலாமேப்பா"ன்னு கேட்டேன்.

"அவர் பேசிட்டிருந்தார் அத்தை."

மூணாவது நாள் வக்கீலம்மா போன் பண்ணினாங்க. பெட்டி வேற வண்டியோடதுதான், மீட்டர் சுத்தமா இருக்குன்னு கம்பெனியில சொல்லிட்டாங்களாம். புதுப் பெட்டி அங்கயே போட்டுக்கிட்டாங்க. இவர் அன்னைக்கே பொண்ணு வீட்டுக்குப் போய், மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு, தப்பு பண்ணிட்டேன்னார். அவரும், "பரவாயில்ல மாமா, விடுங்க"ன்னு டீ கொடுத்து அனுப்பினார். வர்ற வழியெல்லாம் இவர், "இவ்வளவு சீக்கிரம் எப்படி ஒரு மனுஷன் மன்னிக்க முடியும்?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். வாயை மூடிட்டு வாங்கன்னேன்.

அடுத்த மாசம் மாப்பிள்ளை ஒரு வண்டியை மீட்டர் வேலைக்குக் கொண்டு வந்தார். எப்பவும் சாவியை என் மேஜையில போட்டுட்டு, "சாயந்திரம் வரேன் அத்தை"ன்னு போயிடுவார். அன்னைக்குப் போகல. ஒரு ஸ்டூலை எடுத்துட்டுப் போய் இவர் மேஜைக்குப் பக்கத்துல போட்டு உக்காந்தார். போனை எடுத்து, இவர் கை தெரியுற மாதிரி நிறுத்தி வச்சு, வீடியோவைப் போட்டுவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. இப்ப எந்த ஸ்க்ரூவைக் கழட்டுறீங்க?"

இவர் சொன்னார். ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லிக் கழட்டினார். மாப்பிள்ளை குரல்ல கோபம் துளிகூட இல்ல, அதே மரியாதை, அதே "மாமா". ரெண்டு மணி நேரம் கண்ணை எடுக்காம பாத்தார். முடிஞ்சதும் என்ன பண்ணினதுன்னு எழுத்துல வாங்கிக்கிட்டு, அதைப் படிச்சுப் பாத்துட்டு, என்கிட்ட சிரிச்சுட்டுக் கிளம்பினார்.

இந்த உலகத்துல இவர் வேலையைத் திருப்பிப் பாக்காம நம்பின ஆள் ஒருத்தர்தான் இருந்தார். இவர் கையில இருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழ வைக்காம வாசலையே பாத்துட்டிருந்தார்.

"சரியாத்தான் பண்றார்"ன்னார் கடைசியில. "நானா இருந்தாலும் பக்கத்துல உக்காந்து பாத்திருப்பேன்."